லைசென்ஸ் துப்பாக்கியோடு பூங்காவுக்குள் போகலாமா?

முன்னாள் சிப்பாய் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவன். இப்போது காரைக்குடியில் ஒரு வங்கியில் இரவுக் காவல். சொந்த லைசென்ஸ், சொந்தத் துப்பாக்கி, 12 போர் இரட்டைக் குழல். காலை ஆறு மணிக்கு டூட்டி முடியும். அதற்கு மேல் எங்கள் ஊர் டவுன் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதுவரை ஊரணிக்கரைப் பூங்காவில் போய் உட்காருவது வழக்கம். ரொம்ப நாளாக அப்படித்தான்.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். வங்கியிலிருந்து கிளம்பும்போதே குழலை மடக்கி, இரண்டு தோட்டாவையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிவிட்டேன். துப்பாக்கி கேன்வாஸ் உறைக்குள் இருந்தது, ஜிப் முழுக்க மூடியிருந்தது. சிமென்ட் பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு ஷூ லேஸ் கட்டக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஒரு பையன், ஐந்து வயசு இருக்கும், ஜிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஒரு சாண் திறந்துவிட்டான். உள்ளே கட்டையின் பாலிஷ் தெரிகிறது. "தாத்தா, இது கிட்டாரா?" என்று கேட்டான்.

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அவன் அம்மா ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு போன வேகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நடக்க வந்த பெரியவர் ஒருவர், "லைசென்ஸ் இருந்தா எங்க வேணும்னாலும் தூக்கிட்டு வந்துடுவீங்களா?" என்று கேட்டார். தோட்டா இல்லை ஐயா என்றேன். அவர் கேட்டது அது இல்லை என்று எனக்கே தெரியும்.

உண்மையில் விதி என்ன சொல்கிறது? கோயில், பள்ளிக்கூடம் தெரியும். பூங்கா பற்றி யாருக்காவது விவரம் தெரிந்தால் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் தெரியாமல் மறுபடியும் உள்ளே போக மனசு வரவில்லை.

செக்காலை நடையர்

அந்தப் பெரியவர் நான் இல்லை, ஆனால் நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். காலை ஆறரைக்கு அந்தப் பாதையில் நடப்பவர்களில் பாதிப் பேர் பைபாஸ் செய்தவர்கள், மீதிப் பேர் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள். உங்கள் நல்ல மனசு எங்களுக்குத் தெரியாது, உறை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பூங்காவுக்குள் துப்பாக்கி வேண்டாம். விதி எதுவாக இருந்தாலும் என் கருத்து இதுதான்.

தேவகோட்டை வழக்கறிஞர்

அண்ணே, வெளிப்படையாகக் கேட்டதற்கு முதலில் நன்றி. இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வழக்கு விழுந்த பிறகுதான் வருவார்கள்.

உங்கள் லைசென்ஸில் அச்சடித்திருக்கும் நிபந்தனைகளை எடுத்துப் படியுங்கள். பலபேர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததே கிடையாது. ஆயுதத்தை நல்ல நோக்கத்தோடு, லைசென்ஸ் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்காக மட்டும் எடுத்துச் செல்ல வேண்டும் என்று இருக்கும். அதோடு, தனி அனுமதி இல்லாமல் திருவிழா, சந்தை, சமய ஊர்வலம், மற்ற பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் இவற்றுக்குள் கொண்டு போகக் கூடாது. 1962 ஆயுத விதிகளின் காலத்திலிருந்தே இருக்கும் நிபந்தனை இது. ஆகவே கொப்புடையம்மன் தேருக்கு உறையோடு போய் நின்றாலும் தப்பு. அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தைக் குறுக்கு வழியாக வைத்துக்கொண்டாலும் தப்பு. தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகும் கூட்டத்தில், பாதுகாப்புக்கு என்று சொல்லிக்கொண்டு கூட நடந்தாலும் அதே கதைதான்.

பூங்கா என்ற சொல் அதில் இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நாலு பேர் தனித்தனியாக நடப்பதைப் பொதுக்கூட்டம் என்று சொல்ல முடியாது. அதே பூங்காவில் குடியரசு தினத்துக்குக் கொடியேற்றிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிற நேரத்தில் நீங்கள் உள்ளே இருந்தால், அது பொதுக்கூட்டம்தான். இடம் ஒன்றுதான், நேரத்தைப் பொறுத்துச் சட்டத்தின் பார்வை மாறுகிறது.

அடுத்து 2016 ஆயுத விதிகள். பொது இடத்தில் துப்பாக்கியைக் கொண்டு போகும்போது அதற்கான உறைக்குள் முழுக்க மறைந்திருக்க வேண்டும். கொண்டு போகிறவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பொது இடத்தில் எடுத்து வீசிக் காட்டுவதும் சுடுவதும் கூடாது, வெற்றுத் தோட்டா போட்டுச் சுடுவதும் கூடாது. மீறினால் லைசென்ஸுக்கே ஆபத்து. பூங்கா பொது இடம்தானே, அதனால் இது அத்தனையும் அங்கே பொருந்தும்.

இப்போது உங்கள் வியாழக்கிழமையைப் பாருங்கள். உறை இருந்தது, சரி. தோட்டா இல்லை, ரொம்ப நல்லது. ஆனால் பெஞ்சில் சாய்த்துவிட்டுக் குனிந்த அந்த அரை நிமிஷம் துப்பாக்கி உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. ஒரு குழந்தையின் கட்டுப்பாட்டில் இருந்தது. உள்ளே போகலாமா என்ற கேள்விக்கு விடை வழவழ என்று இருக்கலாம். கையை விட்டது தப்பு என்பதில் எந்த வழவழப்பும் இல்லை.

இன்னொன்று. 1959 ஆயுதச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, ஆயுதம் வைத்திருப்பவரிடம் எந்தப் போலீஸ் அதிகாரியும் லைசென்ஸைக் காட்டச் சொல்லலாம். காட்டாவிட்டால் ஆயுதத்தை எடுத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் போனாலும் டீக்கடையில் நின்றாலும் லைசென்ஸ் கையோடு இருக்கட்டும். பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் தேவை என்று தோன்றினால் 17-ஆம் பிரிவில் லைசென்ஸை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அந்த அம்மா ஒரு புகார் எழுதிக் கொடுத்திருந்தால் நீங்கள் இன்று வேறு இடத்தில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

சிங்கம்புணரி விவசாயி

வக்கீல் சொல்வதெல்லாம் சரி. ஆனால் லைசென்ஸ்காரனைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்ப்பது எனக்கு வலிக்கிறது. என்னிடம் பயிர்ப் பாதுகாப்புக்காக ஒன்று இருக்கிறது. அதை வாங்குவதற்குள் போலீஸ் விசாரணை, தாலுகா அறிக்கை, அக்கம்பக்கத்தில் விசாரிப்பு என்று எத்தனை படி ஏறியிருப்பேன்! இப்போது பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் கேட்கிறார்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்துக்கொள்ளும் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். இத்தனைக்கும் பிறகு மிஞ்சி நிற்பவன் ஊரிலேயே அதிகமாகச் சோதிக்கப்பட்டவன்.

ஒரு கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள். பூங்காவுக்குள் கூடாது என்று போர்டு வைத்துவிட்டால் சிப்பாய் அண்ணன் அதை எங்கே வைத்துவிட்டு உள்ளே போவார்? பைக்கில் கட்டிவிட்டா? டீக்கடையில் கொடுத்துவிட்டா? திருட்டுப் போனால் பொறுப்பு யாருடையது? நான் ஒரு தடவை சாக்கில் சுற்றி டிராக்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு உரக்கடைக்குள் போயிருக்கிறேன். திரும்பி வரும்வரை உயிர் கையில் இல்லை. அதற்குத் தோளில் இருப்பதே மேல்.

செக்காலை நடையர்

விவசாயி அண்ணே, உங்களைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை. நல்ல டிரைவர்தான் லாரி ஓட்டுகிறார் என்பதற்காக லாரியைப் பூங்கா நடைபாதைக்குள் விட முடியுமா? ஆளைப் பற்றிய சந்தேகம் வேறு, இடத்துக்கு ஒவ்வாது என்பது வேறு. எங்கே வைப்பது என்று கேட்டீர்கள் இல்லையா, அது நியாயமான கேள்வி. என்னிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அது பூங்காவுக்கு வரும் பிள்ளைகள் தீர்க்க வேண்டிய பிரச்சினை இல்லையே.

தேவகோட்டை வழக்கறிஞர்

டிராக்டர் சீட்டு விஷயத்தை இங்கே எழுதியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் அண்ணே, இனிமேல் செய்யாதீர்கள். போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ பாதுகாப்புக்காக ஒப்படைக்கச் சட்டத்தில் வழி உண்டு. தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்குகிறோமே, ஒப்படைப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் தினம் ஒரு மணி நேரத்துக்கு அது ஆகிற காரியம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடைமுறையில் ஒரே வழி, துப்பாக்கி கையில் இருக்கும் நாளில் நேராக வீடு. பூங்கா, சினிமா, சந்தை எல்லாம் வீட்டில் பூட்டிவிட்டு வந்த பிறகு.

கொல்லுகுடிப்பட்டி மருமகள்

பூங்கா என்றதும் எனக்கு எங்கள் கண்மாய்தான் நினைவுக்கு வந்தது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் தெரியும்தானே, நம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம். 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். மூன்று கண்மாயும் சேர்த்து 38.4 ஹெக்டேர்தான், ஆனால் கார்த்திகை மார்கழியில் வந்து பார்த்தால் மரமெல்லாம் வெள்ளையாக இருக்கும். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா என்று என் மாமியார் ஒவ்வொன்றையும் சத்தத்தை வைத்தே சொல்வார்.

நான் வாக்கப்பட்டு வந்த முதல் தீபாவளிக்கு என் தம்பி ஒரு பை நிறைய வெடி வாங்கிக்கொண்டு வந்தான். மாமியார் வாசலிலேயே வாங்கி, அப்படியே அவன் வண்டிப் பெட்டியில் திருப்பி வைத்தார். "குஞ்சு பொரிச்சிருக்குப்பா" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வெடி கிடையாது. சட்டம் போட்டு யாரும் சொல்லவில்லை, தலைமுறையாக ஊரே அப்படி இருக்கிறது. வனத்துறைக்காரர்கள் தீபாவளிக்கு இனிப்புக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

வெடிக்கே இப்படி என்றால் துப்பாக்கிக்குச் சொல்ல வேண்டுமா. அங்கே சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 31-ஆம் பிரிவு. தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இல்லாமல் யாரும் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. உன்னிடம் லைசென்ஸ் இருக்கிறதா, உறை போட்டாயா, தோட்டா எடுத்தாயா என்ற கேள்வியே அங்கே எழாது. அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவில், சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் லைசென்ஸ்காரர்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. திருப்பத்தூர்ப் பக்கம் துப்பாக்கி வைத்திருக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாதவர்கள் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். நாரைக் குஞ்சுக்கு இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்துக் கொடுத்த சட்டம், ஊரணிக்கரையில் சறுக்குமரம் விளையாடும் பிள்ளைக்கு ஏன் ஒரு வரி எழுதவில்லை?

முன்னாள் சிப்பாய்

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் அம்மா.

பள்ளத்தூர்க்காரன், டாலஸிலிருந்து

பத்து வருஷமாக டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே கதை வேறு. 2021 செப்டம்பரிலிருந்து, சட்டப்படி தடை இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டு போகலாம். பக்கத்துப் பூங்காவில் நம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும்போது, பார்க்க வந்தவர் இடுப்பில் உறையோடு நிற்பார். முதல் தடவை பார்த்தபோது என் மனைவி பிள்ளைகளைக் காரில் ஏற்றிவிட்டாள்.

அமெரிக்கா முழுக்க ஒரே மாதிரி இல்லை. தேசியப் பூங்காக்களில் முன்பு தடை இருந்தது. 2009-இல், கிரெடிட் கார்டு பற்றிய ஒரு சட்டத்தோடு சேர்த்து அதைத் தளர்த்தினார்கள், 2010 பிப்ரவரி 22 முதல் அந்தந்த மாநிலச் சட்டப்படி கொண்டு போகலாம் என்று ஆனது. ஆனால் அதே பூங்காவுக்குள் இருக்கும் அரசுக் கட்டடத்துக்குள் நுழைந்தால் குற்றம். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியிலும் தற்காப்புக்குத் துப்பாக்கி கொண்டு போகும் உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. உடனே நியூயார்க் மாநிலம் பள்ளிக்கூடம், கோயில் போலப் பூங்காவையும் கூடாத இடங்களின் பட்டியலில் சேர்த்துச் சட்டம் போட்டது. அதன்மேல் வழக்குக்கு மேல் வழக்கு. அங்கே அடிப்படை உரிமை என்று தொடங்குகிறார்கள், அதனால் பூங்காவுக்கு ஏன் கூடாது என்று அரசுதான் காரணம் காட்ட வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது. டெக்சாஸில் கடை, ஆஸ்பத்திரி வாசலில் 30.06, 30.07 என்று சட்டப் பிரிவு எண்ணோடு பெரிய எழுத்தில் போர்டு இருக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும், இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்று. நம் ஊர்ப் பூங்கா போர்டில் என்ன எழுதியிருக்கிறது? யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

திருப்பத்தூர் வாத்தியார்

நம் ஊர்க் கதை எதிர்ப்பக்கம் தொடங்குகிறது தம்பி. 1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர்களை இதே திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதன் பிறகு இந்தச் சீமையில் ஆயுதம் எல்லாவற்றையும் பறிக்க கம்பெனி உத்தரவு போட்டது. 1878 ஆயுதச் சட்டத்தில் இந்தியனுக்கு லைசென்ஸ், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. அந்த அவமானம் ஆறாமல் இருந்ததால்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் எழுதினார்கள். சிங்கம்புணரிக்காரருக்கு வலிக்கிறது என்றால் அதற்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறும் இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அரசியலமைப்பு எழுதும்போது, 1948 டிசம்பரில், அந்த உரிமையைச் சேர்க்க வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் எச்.வி.காமத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் எதிர்த்தார், அது தோற்றது. நமக்குக் கிடைத்தது 19-ஆம் பிரிவு: அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை. ஆயுதமின்றி என்ற சொல் உரிமைக்குள்ளேயே இருக்கிறது. ஊரணிக்கரையில் நாலு குடும்பம் பயமில்லாமல் உட்காருவதும் அந்த உரிமையில் சேர்ந்ததுதான் என்று நான் வகுப்பில் சொல்வேன்.

கானாடுகாத்தான் ஆச்சி

எங்கள் வீட்டில் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் வாங்கிய துப்பாக்கி ஒன்று இருக்கிறது. பெட்டக அறையில் பூட்டித்தான் கிடக்கும். வீட்டுக்காரருக்கு எழுபது முடிந்ததும் மகன் பேருக்கு மாற்ற மனுப் போட்டோம். எழுபது வயது ஆனாலோ இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ வாரிசு பேருக்குக் கேட்கலாம் என்று 2016 விதியில் இருக்கிறது, தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

பேரன் கல்யாணத்தில் இளவட்டங்கள் சேர்ந்துகொண்டு, மாப்பிள்ளை அழைப்பில் முகப்பில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடலாமா ஆச்சி என்று சாவி கேட்டார்கள். சாவியை மடியில் முடிந்துகொண்டு மூன்று நாளும் அவிழ்க்கவே இல்லை. இப்போது அதற்குத் தனியாகவே சட்டம் வந்துவிட்டது என்று மகன் சொன்னான்.

தேவகோட்டை வழக்கறிஞர்

ஆமாம் ஆச்சி, 2019 திருத்தம்தான். கல்யாணம், கோயில், பொதுக்கூட்டம் எங்கேயானாலும் கொண்டாட்டத்துக்குச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாவி மடியிலேயே இருக்கட்டும்.

முன்னாள் சிப்பாய்

டாலஸ் தம்பி கேட்டதற்காக இன்று காலை பூங்கா வாசலுக்குப் போனேன். துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டு, விடுமுறை நாளில். போர்டை அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன். செல்லப் பிராணி கூடாது. பந்து விளையாடக் கூடாது. பிளாஸ்டிக் கூடாது. எச்சில் துப்பக் கூடாது. பூப்பறிக்கக் கூடாது. மது அருந்தக் கூடாது. ஆயுதம் என்ற சொல்லே இல்லை. நாய்க்கு இருக்கிற தடைகூட என் துப்பாக்கிக்கு இல்லை.

நேற்று மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். பகல் காவலர் வந்த பிறகும் பஸ் வரும்வரை வங்கி முன்வாசல் ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொள்ள ஒப்புக்கொண்டார். துப்பாக்கி தோளிலேயே இருக்கும், தரையில் வைக்க மாட்டேன். அங்கிருந்து நேராக பஸ், நேராக வீடு. விவசாயி அண்ணே, எங்கே வைப்பது என்று கேட்டீர்களே, எனக்கு இப்படி ஒரு வழி கிடைத்தது. உங்கள் தொழிலுக்கு இது ஒத்துவராது என்று தெரியும்.

சிங்கம்புணரி விவசாயி

ஒத்துவராதுதான். ஆனால் உரக்கடைக்குப் போகும் நாளில் இனி எடுத்துப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மட்டும். போர்டு வைப்பதற்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஒரே ஒரு வேண்டுகோள். "சட்டவிரோத ஆயுதம்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் லைசென்ஸ் இருப்பவர் தமக்கு இல்லை என்று நினைத்து உள்ளே வந்துவிடுவார்.

செக்காலை நடையர்

நல்ல யோசனை அண்ணே, நன்றி. எங்கள் நடையர் குழுவில் இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள். 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது, ஆணையரிடமே கொடுக்கலாம். வாசகத்தை யாராவது எழுதிக் கொடுங்கள்.

தேவகோட்டை வழக்கறிஞர்

இப்படிப் போடுங்கள்: "உரிமம் பெற்றதாயினும் துப்பாக்கி உள்ளிட்ட எந்த ஆயுதத்தையும் பூங்காவுக்குள் கொண்டு வரக் கூடாது. பணியில் உள்ள காவல் துறையினருக்கு இது பொருந்தாது." மனுவில் 2016 விதிகளையும் லைசென்ஸ் நிபந்தனையையும் குறிப்பிடுங்கள். ஒரு நகல் ஆட்சியருக்கும் போகட்டும், லைசென்ஸ் கொடுப்பவர் அவர்தான். மாநகராட்சி போர்டு வைப்பது ஒரு பக்கம், லைசென்ஸ் நிபந்தனையிலேயே பூங்காவைச் சேர்த்து ஒரு வரி போட முடியுமா என்றும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

முன்னாள் சிப்பாய்

முதல் கையெழுத்து நான் போட்டேன். பேருக்குக் கீழே லைசென்ஸ் எண்ணையும் எழுதியிருக்கிறேன். வைத்திருப்பவனே கேட்கிறான் என்று தெரியட்டும். ஆணையர் அலுவலகத்தில் நாளை கொடுத்துவிடுவோம். திங்கட்கிழமை சிவகங்கையில் மனுநாள். நானும் செக்காலை அண்ணனும் காலை முதல் பஸ்ஸில் போகிறோம். கொல்லுகுடிப்பட்டி அம்மா, நீங்கள் கேட்ட அந்தக் கேள்வியை மனுவின் கடைசிப் பத்தியில் அப்படியே சேர்த்துக்கொள்ளலாமா?

கொல்லுகுடிப்பட்டி மருமகள்

சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. என் மாமியாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். திங்கட்கிழமை முதல் பஸ் திருப்பத்தூரில் நிற்குமா?